கூடைக் கயிறு பட்ட இடம்

ஒரு முகத்தை வெளுக்க வைக்க எனக்கு நாற்பது விநாடி போதும். மரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாம் அதற்குள் அடக்கம். பதுளையில் ஒரு ஸ்டூடியோவில் இருபத்திரண்டு வருடமாக பேனர் டிசைன் செய்கிறேன். சேர்ந்த முதல் நாளே முதலாளி சொன்னார்: "ஆளு கறுப்பா வந்தா திருப்பிக் குடுத்துட்டுப் போயிருவாங்கம்மா. கேக்குறதுக்கு முன்னாடியே வெளுத்து வையி." அப்படியே செய்தேன். கண்ணீர் அஞ்சலி பேனரில் செத்தவருக்குக் கோட்டும் டையும் மாட்டிவிட்டிருக்கிறேன். உயிரோடு இருந்தபோது அந்த மனிதர் சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டார்.

இந்தக் கைதான் என்னை ஒரு நாள் தலைகுனிய வைத்தது.

1. பத்து நிமிடச் சட்டம்

ஸ்டூடியோ மேல்மாடியில் ஞாயிறு பகல் டிஜிட்டல் ஓவிய வகுப்பு எடுக்கிறேன். நான்கு கணினி, நான்கு பென் டேப்லெட், எட்டுப் பேர். அவர்களில் ஜெயந்தி ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். வயது இருபத்தாறு. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் பார்த்துக்கொள்ளும் வேலை.

முதல் மாதம் அவள் ஒரு படமும் முடிக்கவில்லை. கோடு போடுவாள், உடனே இடது கை அன்டூவை அழுத்திவிடும்.

"என்னம்மா, போட்ட கை எடுக்குறதுக்குள்ள அழிக்கிறீங்க?"

"கோணையா வருதுங்க மிஸ்."

"வரட்டும். கோணையா இருந்தா என்ன, குடியா முழுகிப்போகும்?"

பத்து நிமிடம் அன்டூவைத் தொடக் கூடாது, இடது கை மடியில் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சட்டம் போட்டேன். முதலில் ஜெயந்தி அழாத குறை. பிறகு தூளியில் தூங்கும் ஒரு பிள்ளையை வரைந்தாள். ஒரு கால் யானைக்கால் மாதிரி இருந்தது. ஆனால் பிள்ளை உண்மையாகவே தூங்கியது. அவளே பார்த்துச் சிரித்தாள், அழிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அதன் பிறகுதான் வந்த காரணத்தைச் சொன்னாள். அவள் அம்மா ராசம்மா அந்தத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தே தலை நரைத்தவர், வேலையிலிருந்து நிற்கப்போகிறார். கடைசி நாளில் கூட வேலை செய்யும் பெண்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தேத்தண்ணி வைத்து வழியனுப்புவார்கள். "அடையாள அட்டையில உள்ளதத் தவிர அம்மாவுக்கு வேற போட்டோ இல்லிங்க, போனத் தூக்குனாலே மூஞ்சத் திருப்பிக்குவாங்க. அன்னைக்கு நான் வரைஞ்ச படத்தக் குடுக்கணும் மிஸ்."

வீட்டில் அம்மா சோறாக்கும்போது பார்த்துப் பார்த்துக் கொப்பியில் பென்சிலால் வரைவாள். ஞாயிறு வந்து அதைக் கணினியில் போடுவாள். இரண்டு மாதம் எடுத்தது. நன்றாக இருக்கிறது என்று நானே இரண்டு முறை சொன்னேன்.

2. பழகிய கை

பிரிண்ட் எடுக்கச் சொல்லி பென் டிரைவைத் தந்துவிட்டுப் போனாள். வியாழக்கிழமை பன்னிரண்டு பேனருக்கு நடுவில் அதைத் திறந்தேன். வகுப்பில் பார்த்துப் பாராட்டிய அதே படம்தான். ஆனால் கீழே இருக்கும் வேலை மேசையில் என் கண் வேறு, கை வேறு. முகத்தை வெளுத்தேன். விரல்களில் இருந்த கொழுந்துக் கறையை எடுத்தேன். உச்சியில் முடி தேய்ந்திருந்த இடத்தில் கறுகறுவென்று முடி நிரப்பினேன். லேயரையெல்லாம் ஒன்றாக்கி அதே பெயரில் அசலின் மேலேயே சேவ் செய்து, பிரிண்டும் எடுத்து, அடுத்த பேனருக்குப் போய்விட்டேன்.

ஞாயிறு ஜெயந்தி வந்து பிரிண்டை விரித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாருங்க மிஸ்?"

"உங்கம்மாதானே?"

"எங்கம்மாவுக்கு இந்த எடத்துல முடி இல்லிங்க." தன் உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினாள். "தலையில மாட்டுற கூடைக் கயிறு தின்னுருச்சு. அந்த எடத்த வரையத்தான் இவ்வளவு நாளா வந்தேன்."

போனில் இடமில்லை என்று தன்னிடமிருந்த பிரதியை அவள் அழித்திருந்தாள். வகுப்புக் கணினியையும் சனிக்கிழமை நானே துப்புரவு செய்து பழைய படங்களை அழித்திருந்தேன். ராசம்மாவின் கடைசி நாள் மறுநாள் திங்கட்கிழமை. ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவளின் கைக்கு யார் சட்டம் போட்டது? அவ்வளவு வெட்கமாக இருந்தது.

"திட்டணும்னா திட்டிரும்மா" என்றேன்.

"திட்டுனா படம் வருமாங்க? கணினியப் போடுங்க மிஸ்."

கொப்பியைக்கூடத் திறக்காமல் வரையத் தொடங்கினாள். இரண்டு மாதம் பார்த்த முகம் கையிலேயே இருந்தது. இடது கை மடியை விட்டு எழவில்லை. நெற்றிச் சுருக்கம் ஒன்று கோணலாக விழுந்தது, விட்டுவிட்டாள். அதுதான் சரியாக இருந்தது. பின்னால் உட்கார்ந்து நானும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டாள். முந்தியதைவிட இதுதான் படம். கடைசி பஸ்ஸுக்கு முன் ஒரு புள்ளியும் மாற்றாமல் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

3. கொழுந்து மடுவத்தில்

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு நானும் போனேன். ராசம்மா கூடையை இறக்கி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். கை தானாக மேலே போய் உச்சந்தலையில் அந்த இடத்தைத் தடவியது.

"இதக்கூடவா புள்ள பாத்துக்கிட்டு இருந்த?"

ஜெயந்தி தலையாட்டினாள். சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி தலைத்துணியை அவிழ்த்துக் குனிந்து, "என்னையும் வரைஞ்சிரு, எனக்கு இன்னும் பெருசா இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

இப்போதும் நான் முகங்களை வெளுக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். கேட்பவர்களுக்குச் செய்து கொடுப்பது என் தொழில். ஆனால் முதலில் கேட்கிறேன், அசலைத் தனியாக சேவ் செய்துவிட்டுத்தான் கை வைக்கிறேன். கெடுத்த பிரிண்டை ஜெயந்தியிடம் கேட்டு வாங்கி என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "அழகா இருக்காங்களே, யாருங்க மிஸ் அது?" என்று கேட்பார்கள்.

"யாருமில்லிங்க" என்பேன்.