வளைந்த ரிம்மும் டியூப்லெஸ் டயரும்

போன மழை முடிந்த சமயம். விடிகாலை, முடிச்சூர் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க். காற்றுப் பிடிக்கும் இடத்தில் நான் இருந்தேன். காற்றுப் பிடிக்கிற தம்பி இருந்தார். சைக்கிளில் டீ கேன் கட்டிய ஒருவர். அப்புறம், காற்றடிக்க வந்த ஒரு அக்கா. வேறு யாரும் இல்லை.

நான் படப்பையில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன். பஞ்சர் தொல்லை இல்லை என்று சொன்னதால் டியூப்லெஸ் டயர் போட்ட பழைய சைக்கிள் வாங்கினேன். தண்ணி நின்ற பள்ளத்தில் விட்டு ரிம் வளைந்துவிட்டது. டயர் ரிம்மோடு ஒட்டி நின்றால்தான் உள்ளே காற்று நிற்கும். தினமும் பங்கில் அடித்து அடித்து ஓட்டினேன். அன்று டயர் ரிம்மை விட்டே வெளியே வந்துவிட்டது.

"இனிமே நிக்காதுண்ணா. ரிம்மு கோணிக்கினு கீது" என்றார் தம்பி.

ஏற்கெனவே இரண்டு தடவை லேட். இன்னொரு தடவை ஆனால் வேறு ஆள் போடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். பஸ்ஸும் போய்விட்டது. கீழே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அக்கா தன் சைக்கிளை என் பக்கம் தள்ளினார்.

"எடுத்துகினு போ. நான் பெருக்குற ஸ்கூல் இங்கதான், நடந்துடுவேன். மத்தியானம் அங்க வந்து உடு."

"யாருன்னே தெரியாது, குடுக்குறியேக்கா?" என்றார் டீக்காரர்.

"அவரு வண்டிதான் இங்க கீதே."

"அத்த எவன் எடுப்பான்?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கிளம்பினேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஷிஃப்ட் முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அக்கா வராண்டா கழுவிக்கொண்டிருந்தார். சைக்கிள் சாவியை வாங்கிக்கொண்டு, "வேலை போவலியே?" என்று மட்டும் கேட்டார். போகவில்லை என்றேன்.

வெளியே வரும்போது கேட்டில் இருந்தவர் சொன்னார். தினமும் பள்ளிக்கு வருவதற்கு முன்னால் அக்காவுக்கு இரண்டு வீட்டில் வேலையாம். ஒன்று பெருங்களத்தூர், ஒன்று பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம். அன்று இரண்டுக்கும் நடந்தே போய்விட்டுப் பள்ளிக்கு லேட்டாக வந்து, திட்டு வாங்கினாராம். என்னிடம் அதைச் சொல்லவே இல்லை.

அந்த ரிம்மைத் தட்டி நேராக்கி, உள்ளே டியூப் போட்டு ஓட்டுகிறேன். வேலையும் இருக்கிறது. கால் வலிக்கிறது என்று இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை. எனக்காக அவர் நடந்தது ஒன்பது கிலோமீட்டர்.