பத்து மணிக்கு போன் எங்கே இருக்கும்?

சவுரியம்மாளுக்கு நாற்பத்து நான்கு வயது. ஆம்பூரை ஒட்டிய ஒரு டிரஸ்ட் மருத்துவமனையில் பதிவேட்டுப் பிரிவில் வேலை. அதற்கு முன்பு பன்னிரண்டு வருஷம் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தவர். ஷூவின் மேல்பாகத்தை அங்கே அப்பர் என்பார்கள். தோள்பட்டை வலி வந்து மெஷினில் உட்கார முடியாமல் போனபோது, வைத்தியம் பார்த்த மருத்துவமனையிலேயே சீட்டு எழுதும் வேலை கிடைத்தது. பிளஸ் டூ படித்திருந்தார். கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் தயங்க, இவர் ஆசையாகக் கற்றுக்கொண்டார். எக்செல்லில் ஆயிரம் பெயரை ஒரே தட்டலில் வரிசைப்படுத்த முடியும் என்று தெரிந்துகொண்ட அன்று, வீட்டுக்குப் போய்க் கணவர் அன்பரசனிடம் அதிசயம் போலச் சொன்னார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவர், "அதுக்கு இன்னா இப்போ?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அந்த மருத்துவமனையில் மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை ஒரு ஓ.பி. உண்டு. கம்பெனி விட்டு வரும் பெண்களுக்காகவே டிரஸ்ட் தொடங்கியது. டோக்கன் வாங்க வரிசையில் நிற்க வேண்டும். நாள் முழுக்க வேலை செய்த கால்களோடு அது பெரிய பாடு. இரண்டு வருஷத்துக்கு முன் நிர்வாகி ரஷீத் அஹமது டோக்கனை போனுக்கு மாற்றினார். நாளை மாலைக்கான டோக்கன் இன்று காலை பத்து மணிக்கு ஆப்பில் திறக்கும். சத்துவாச்சாரியில் மென்பொருள் அலுவலகம் வைத்திருக்கும் கோபிநாத் ஆப்பைச் செய்து கொடுத்தார். வரிசை ஒழிந்தது. பத்தே முக்காலுக்குள் நூறு டோக்கனும் தீர்ந்தது. "முன்னெல்லாம் எண்பது தாண்டாது. இப்போ பாரும்மா, எவ்ளோ ஜாஸ்தி" என்று ரஷீத் அஹமது சவுரியம்மாளிடம் திரையைக் காட்டிச் சந்தோஷப்பட்டார்.

சவுரியம்மாளுக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு மாதம் போனதும் மாலை ஓ.பி. கூடம் அவருக்கு வேறு மாதிரி தெரிந்தது. முன்பு உள்ளே நுழைந்தாலே ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாடை அடிக்கும். அது இல்லை. பெஞ்சில் கடைக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் ரிட்டையர் ஆன வாத்தியார்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மேகலாவை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். மேகலா சவுரியம்மாளோடு ஒரே லைனில் தைத்தவர். பிரஷர் ஏறித் தலைசுற்றி, பாத்திரம் கழுவிய இடத்திலேயே விழுந்திருந்தார். மாத்திரை நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. சமயத்தில் கொண்டு வந்ததால் பிழைத்துக்கொண்டார். மறுநாள் கட்டிலருகே உட்கார்ந்து சவுரியம்மாள் கேட்டார்.

"ஏம்மே வரல? இங்கதான நான் இருக்கேன்?"

"டோக்கனு கிடைக்கலக்கா. நாலு தபா பாத்தேன். எப்போ பாத்தாலும் முடிஞ்சி போச்சுன்னு வருது. பேஜாராய்ட்டு விட்டுட்டேன்."

சவுரியம்மாளுக்கு உடனே தோன்றியது, ஆப் ஆங்கிலத்தில் இருப்பதால் பெண்களுக்குப் படிக்க வரவில்லை என்பதுதான். நேரே ரஷீத் அஹமதுவிடம் போய், தமிழில் மாற்றச் சொல்ல வேண்டும் என்றார். அவர் கோபிநாத்தை போனில் பிடித்தார். "அக்கா, ஆப் முதல் நாள்லேர்ந்தே தமிழ்லதான் இருக்கு" என்றார் கோபிநாத். சவுரியம்மாளுக்குக் காது சூடாகிவிட்டது. தான் வைத்திருந்த போனில் மொழியை ஆங்கிலத்தில் வைத்திருந்ததால் அவருக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. எண்ணிப் பார்க்காமல் இனி வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தார்.

எண்ணுவதும் சுலபமாக இல்லை. பழைய ஓ.பி. அட்டையில் 'எங்கே வேலை' என்று ஒரு கட்டம் இருந்தது. ஆப்பில் நிரப்ப வேண்டியவை அதிகமாக இருந்தால் ஆட்கள் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று அந்தக் கட்டத்தை எடுத்திருந்தார்கள். அதனால் யார் வருகிறார்கள் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எத்தனை பேர் என்று மட்டும் தெரியும். சவுரியம்மாள் அலமாரியிலிருந்து பழைய அட்டைகளை இறக்கி, தினமும் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொரு நம்பரையும் புதிய பட்டியலோடு பொருத்தினார். மூன்று வாரம் பிடித்தது. ஆப் வருவதற்கு முந்திய மூன்று மாதத்தில் மாலை ஓ.பி.க்கு வந்த கம்பெனிப் பெண்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். ஆப் வந்தபின் மூன்று மாதத்தில், அவர்களில் திரும்பி வந்தவர்கள் நூற்று ஐம்பத்தெட்டு.

இந்த முறையும் காரணத்தை அவராக ஊகிக்கவில்லை. வராதவர்களில் அறுபது பேருக்கு, ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், போன் செய்து கேட்டார். எல்லோரிடமும் ஒரே கேள்விகள்: யாருடைய போன், என்ன போன், காலை பத்து மணிக்கு அது எங்கே இருக்கும்? நாற்பத்தேழு பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் ரஷீத் அஹமதுவின் அறையில் கோபிநாத்தும் இருந்தார். சவுரியம்மாள், எண்ணியதையும் கேட்டதையும் எழுதிய ஒற்றைத் தாளை மேஜையில் வைத்தார். ஆப் வந்ததால் தன் வேலைக்குப் பயந்து குறை சொல்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

"இப்போ போன் இல்லாத வீடு ஏதுக்கா?" என்றார் கோபிநாத்.

"போன் இருக்குது தம்பி. பத்து மணிக்கு எங்க இருக்குதுன்றதுதான் கேள்வி. கம்பெனி கேட்ல செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டுத்தான் உள்ள போவாங்க. டிசைன் வெளிய போய்டக் கூடாதுன்னு ரூல். ஆறு மணிக்குத்தான் கைக்கு வரும். நானே பன்னெண்டு வருஷம் குடுத்தேன். எனக்கே இது தோணல."

ரஷீத் அஹமது தாளை எடுத்து இரண்டு தரம் படித்தார். "யாருக்காக இதை ஆரம்பிச்சோமோ அவங்களே கம்மியாய்ட்டாங்க. நான் மொத்தத்தையே பாத்துட்டு இருந்தேன்" என்றார். கோபிநாத் ஏற்கெனவே மடிக்கணினியைத் திறந்துவிட்டிருந்தார். "பாதி டோக்கன காலைல விடலாம், மீதிய சாயங்காலம் ஆறரைக்கு விடலாம். அரை மணி நேர வேலைக்கா."

'எங்கே வேலை' கட்டமும் திரும்ப வந்தது. எழுத வேண்டியதில்லை, தொட்டால் போதும் என்று கோபிநாத் சுருக்கிக் கொடுத்தார். பட்டன் போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் டோக்கன் நம்பர் எஸ்.எம்.எஸ்ஸில் வரும்படி செய்தார். மூன்று மாதம் கழித்து சவுரியம்மாள் மறுபடி எண்ணினார். பழைய பெண்களில் ஐநூற்று முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். மீதிப் பேரில் சிலர் ஊர் மாறியிருந்தார்கள், சிலர் வேறு மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதையும் கேட்டு எழுதிவைத்தார். மேகலா மாதம் தவறாமல் மாத்திரைக்கு வருகிறார். வரும்போதெல்லாம் கம்பெனிக் கதை ஒன்று இருக்கும். இருவரும் சிரிக்கிற சத்தம் மருந்து கொடுக்கும் ஜன்னல்வரை கேட்கும்.

இப்போது எந்த மாற்றம் செய்வதானாலும் ரஷீத் அஹமது முதலில் சவுரியம்மாளைக் கூப்பிடுகிறார். சம்பளச் சீட்டில் அவர் பதவி 'தகவல் உதவியாளர்' என்று மாறியிருக்கிறது. அன்பரசன் அந்தச் சீட்டை ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

சென்ற மாதம் டிரஸ்ட் குடியாத்தத்தில் ஒரு சிறு கிளினிக் திறந்தது. ஆம்பூரில் செய்ததையே அங்கும் செய்துவிடலாம் என்று கோபிநாத் சொன்னார். "இரு தம்பி, கேட்டுட்டு வர்றேன்" என்று சவுரியம்மாள் பஸ் ஏறினார். லுங்கி நெய்யும் விசைத்தறிக் கூடம் ஒன்றில் தனபாக்கியம் என்ற பெண் அவருக்கு மோர் கொடுத்தார். காலை பத்து மணிக்கு போன் எங்கே இருக்கும் என்று கேட்டபோது, தறியின் பக்கத்திலேயே மாட்டியிருந்த பையைக் காட்டினார்.

"கூடவேதான் இருக்கும்மா. ஆனா இந்தச் சத்தத்துல மணி எங்க கேக்குது? தறி நின்னாத்தான் எடுத்துப் பாப்போம்."

"தறி எப்போ நிக்கும்?"

"இன்னாம்மா இது, அதைப் போய் கேக்கறீங்க!" என்று தனபாக்கியம் சிரித்தார், பிறகு விரல் மடக்கிச் சொல்லத் தொடங்கினார். சவுரியம்மாள் பேனாவை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். அன்று மட்டும் பதினோரு தறிக்கூடங்களுக்குப் போனார்.