பொங்கலுக்கு முன்னால் இரண்டு சூளை

எனக்கு வாய் நீளம். என் மாமியார் சொன்னார், வீட்டுக்காரர் சொன்னார், நன்னிலம் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர்கூடச் சொல்லிவிட்டார். அந்த வாயால்தான் ஒரு மார்கழி மாதம் முழுக்கச் சேற்றிலும் புகையிலும் கிடந்தேன்.

ஆட்சி மாறிய புதிது. எங்கள் தெருமுனையில் இரண்டு கொடிக்கம்பங்கள். ஒன்றில் கறுப்பு சிவப்பு, இன்னொன்றில் முழுச் சிவப்பு. சம்பா கதிர் பழுத்துக்கொண்டு வந்தது. அரைப் படி நெல் கூலியில் ஏற்றிக் கொடுத்தால்தான் அறுப்பு என்று எங்கள் தெருவின் பதினோரு வீடும் ஒரே பேச்சாக உட்கார்ந்துவிட்டோம். பண்ணை வீட்டார் எங்களை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. பானையை நிறுத்தினார்கள்.

எங்கள் ஊரில் பானை செய்பவரை வேளார் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் களத்தில் வருஷ நெல் அளப்பது பண்ணை. அவர் மண் வெட்டும் குளமும் பண்ணையுடையது. அந்தத் தெருவுக்குப் பானை கொடுக்கக் கூடாது, அவர்களோடு ஒரு வார்த்தை பேசவும் கூடாது என்று அவருக்கு உத்தரவாகிவிட்டது. பொங்கலுக்குப் புதுப்பானை ஏறாத வீடு என்றால் எங்கள் பக்கத்தில் அது சாவு விழுந்த வீடு. அந்த வருஷம் பதினோரு வீடும் அப்படி இருக்கட்டும் என்று நினைத்தார்கள்.

பண்ணையின் காரியக்காரர் இதைச் சொல்ல எங்கள் தெருவுக்கே சைக்கிளில் வந்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "அறுப்புக்கு வாங்க, வண்டியோட பானை வரும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க பானை யாருக்கு வேணும்? நாங்களே செஞ்சு, நாங்களே சுட்டு, இந்தத் தெருவுலயே பொங்குவோம்."

"பொங்கலன்னா?"

"பொங்கலன்னா நானே மொத ஆளா வந்து உங்க வயல்ல அரிவாள வைக்கிறேன். பழைய கூலிக்கே!"

"கடையில வாங்கியாந்து ஏமாத்தக் கூடாது" என்று சிரித்துவிட்டு அவர் போனார். தெருவே என்னைப் பார்த்தது. ஒரு ஆள் இறங்கினால் மற்றவர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள்? அரைப் படி போச்சு. அதை என் வாய் பணயம் வைத்துவிட்டது. என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பானை எப்படிச் செய்யறதுன்னு தெரியுமா ஒனக்கு?" என்றார்.

தெரியாது. நாற்பது வயதுவரை பானையில்தான் சோறாக்கினேன், பானையில்தான் தண்ணீர் மொண்டேன், அது எப்படிப் பானையானது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தண்ணீரில் போட்டால் கரைகிற மண், நெருப்பில் போய் வந்ததும் தண்ணீரையே பிடித்து வைக்கிறதே, இது என்ன கூத்து? கோபம் ஒரு ராத்திரியில் ஆறிவிட்டது. இந்தக் கேள்வி மட்டும் ஆறவில்லை.

மண்ணுக்குப் பண்ணைக் குளத்தை அண்ட முடியாது. வாய்க்கால் அரசாங்கத்துடையது. தூர் வாரிக் கரையில் கொட்டியிருந்த களிமண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து வந்தோம். சக்கரம் இல்லை. பழைய பானையைக் கவிழ்த்து, மேலே சாம்பல் தூவி, அதன்மேல் களிமண்ணை அப்பி, கொஞ்சம் இறுகியதும் கழற்றி எடுத்து, விளிம்பைக் கையால் கூட்டினோம். ஒன்பது பானை.

சூளை என் வீட்டுக்காரர் வேலை. வரப்புக்கு மண் அணைப்பதில் அவரை மிஞ்ச சுற்றுவட்டத்தில் ஆள் கிடையாது. முழங்கால் ஆழத்துக்கு வட்டமாகக் குழி. சுற்றிலும் வைக்கோல் மிதித்த சேற்றால் இடுப்பளவு சுவர். கீழே விறகு தள்ள ஒரு வாய். உள்ளே மூன்று மண் முட்டு, அதன்மேல் உடைந்த ஓடுகளை இடைவெளி விட்டுப் பரப்பினால் பானை உட்காரும் தளம். நெருப்பு கீழே, பானை மேலே. உச்சியில் ஓட்டுச்சில்லும் வைக்கோலும் மூடி, சேறு பூசி, புகை போக நாலு ஓட்டை. சுவரைத் தட்டிப் பார்த்து, "ஆத்துல வெள்ளம் வந்தாலும் அசையாது" என்றார்.

பானையை வெயிலில் காயவைத்து ஆறாம் நாளே பற்ற வைத்தோம். கருவை முள்ளும் தென்னை மட்டையும் சோவென்று எரிந்தன. ஒரு நாழிகைகூடப் போகவில்லை, உள்ளே டப் என்றது. பிறகு டப் டப். யாரோ, "தீபாவளி இப்பத்தான் வருதுடி" என்றார்கள். அடுத்த தெருவிலிருந்துகூட வந்து நின்று சிரித்தார்கள். சத்தம் நின்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோலால் மூடியை நெம்பித் தள்ளினேன். ஆறு பானை சுக்குநூறு. மிச்சம் மூன்று சிவந்து நின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குளிர்காற்று பட்டு மூன்றும் மேலிருந்து கீழாக விரிசல் விட்டன.

"ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கல" என்றார் என் வீட்டுக்காரர்.

ஒரு சில்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளியே சிவப்பு, நடுவே கரிக்கறுப்பு, இரண்டு விரல் தடிமன். ஏன் நடுவே கறுப்பு? ஏன் சில்லெல்லாம் அடிப்பக்கத்துச் சில்லாகவே இருக்கிறது? கேட்க ஊரில் ஒரே ஆள்தான். அவர் பேசக்கூடாது.

போனேன். வாய்க்கால் கரையில் வேளார் வீட்டு முற்றம். எதிர்க் கரையில் காரியக்காரரின் தம்பி மாடு கழுவிக்கொண்டிருந்தான். வேளார் என்னைப் பார்த்தார், உடனே பார்க்காததுபோல் ஒரு பச்சைப் பானையின் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்ட ஆரம்பித்தார். நான் சில்லை அவர் கண்ணில் படும்படி வரப்பில் வைத்துவிட்டுக் குடத்தில் தண்ணீர் மொள்ளக் குனிந்தேன்.

அவர் திடீரென்று பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினார். "ஏண்டி, மண்ணுல மணல் கலந்தியா? நாலுக்கு ஒண்ணு ஆத்து மணல் சேக்காட்டி வெடிக்காம என்ன பண்ணும்?"

மண் மிதித்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் இடுப்பில் கையை வைத்தாள். "முப்பது வருசமா நான் மிதிக்கிற மண்ணு! இன்னிக்கி வந்து கொற கண்டுபிடிக்கிறியா?"

"பேசாதடி! அடியில இம்மாந்தடி வச்சா உள்ள ஈரம் எப்படிப் போவும்? வரப்பா கட்டுற? பானை செய்யறியா, வரப்பு போடுறியா?"

அந்த அம்மாள் பதிலுக்கு வாயைத் திறந்தவள், வரப்பில் கிடந்த சில்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாய் அப்படியே சிரிப்பாகப் போனது. முந்தானையால் மூடிக்கொண்டு, "சரி சாமி, வேற என்ன தப்பு பண்ணுனேன், அதையும் சொல்லிடு" என்றாள்.

சாடை பேசுவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. மருமகளைத் திட்ட நாயைத் திட்டுவார்கள். ஆனால் சாடையிலேயே ஒரு தொழிலைச் சொல்லிக்கொடுத்ததை அன்றுதான் கண்டேன். பாவம், அந்த அம்மாள் அரை நாழிகை திட்டு வாங்கினாள். எட்டு நாள் நிழலில் காய வேண்டும், வெயில் ஆகாது. முதலில் புகைதான், தீ கூடாது. பானை வேர்த்து முடிந்த பிறகே கொழுந்து. "புகை ஓட்டையில இரும்பக் காட்டிப் பாருடி, ஆவி படிஞ்சா இன்னும் ஈரம் இருக்கு. தீய அவிச்சப்பறம் ஒரு ராத்திரி கிட்டயே போவாத. போனீன்னா கையை ஒடிப்பேன்!" என்று முடித்தார். எதிர்க்கரைக்காரன், "என்னா வேளாரே, இன்னிக்கி இப்படிக் கோவம்?" என்று கேட்டான். நான் குடத்தோடு வீட்டுக்கு வரும்வரை சிரிப்பை அடக்கினேன்.

வரப்பு போட்ட கைதான் எங்களைக் கெடுத்திருக்கிறது. மண்ணைக் கண்டால் தடிக்க அணைக்கத்தான் எங்கள் கைக்குத் தெரியும். சூளைக்கு அது நல்லது, பானைக்கு ஆகாது. சூளை கொள்கிற அளவுக்கு மறுபடி ஒன்பது செய்தோம். ஒவ்வொரு முறையும் என் வீட்டுக்காரர் கை அடியில் மண்ணைச் சேர்க்கப் போகும், நான் தட்டிவிடுவேன்.

போகியன்று விடியலில் மூட்டினோம். உமியும் ஈரச் சாணி வரட்டியுமாகப் புகை மட்டும். இரும்புக்கு எங்கே போவது? கூரை இறவாணத்தில் செருகியிருந்த என் கருக்கரிவாளை எடுத்தேன். அந்தப் போகத்தில் ஒரு கதிரைக்கூடத் தொடாத அரிவாள். ஓட்டைமேல் காட்டினால் பனி படிந்ததுபோல் மங்கியது. துடைப்பேன், காட்டுவேன், மறுபடி மங்கும். மண்ணுக்குள் இவ்வளவு தண்ணீரா! காய்ந்து கட்டையாகக் கிடந்ததே! உச்சிப்பொழுது தாண்டித்தான் அரிவாள் பளிச்சென்று வந்தது. பிறகு முள் விறகைத் தள்ளினோம். சாயங்காலம் ஓட்டை வழியே பார்த்தேன். பானையும் நெருப்பும் ஒரே நிறம், எது எதென்று தெரியவில்லை. சூளை வாயை அடைத்தோம். ஒரு டப்கூடக் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

பொங்கலன்று காலை சைக்கிள் வந்து நின்றது. "என்னம்மா, அரிவாளத் தீட்டிட்டியா?" என்றார் காரியக்காரர்.

கை துறுதுறுவென்றது. தொட்டேன், சுவர் இன்னும் வெதுவெதுப்பு. எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சூரியன் தென்னை உச்சிக்கு வந்த பிறகுதான் மூடியை எடுத்தேன். நான்கு விரிசல் விட்டிருந்தன. ஐந்து முழுசாக இருந்தன. ஒன்றைச் சுண்டினேன். கணீரென்றது.

பதினோரு வீட்டுக்கு ஐந்து பானை. கொடிக்கம்பத்தடியில் வரிசையாக ஐந்து அடுப்பு. அடி இன்னமும் கொஞ்சம் தடிமன்தான் போலிருக்கிறது, பால் சூடேறவே இல்லை. "இது மாட்டுப் பொங்கலுக்குத்தான் பொங்கும்" என்றார் காரியக்காரர். என் வாழ்நாளில் அப்படி வாயை மூடி நின்றது அன்றுதான். அப்புறம் விளிம்பில் வெள்ளையாக நுரை கட்டி, மேலேறி, வழிந்து அடுப்பில் விழுந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று தெருவே கத்தியது. திரும்பிப் பார்த்தால் சைக்கிளைக் காணோம்.

மூன்றாம் நாள், கதிர் உதிர ஆரம்பித்ததும், அரைப் படிக்குச் சம்மதம் என்று ஆள் வந்தது. அதற்கடுத்த நாள் வேளாரும் அவர் பெண்டாட்டியும் கூடைகளோடு எங்கள் தெரு வழியாகப் போனார்கள். வேலியில் கவிழ்த்திருந்த என் பானையைப் பார்த்து அவர் நின்றார். தூக்கிச் சுண்டினார், அடியைத் தடவினார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்து, "ஏண்டி, அடி இன்னும் மெலிசா தட்டியிருக்கக் கூடாதா? வாய் வேற கோணல்" என்றார்.

அவள் கூடையை இறக்கி வைத்தாள். "போதும் சாமி! தடையெல்லாம் எடுத்தாச்சு. இனிமே அவகிட்டயே சொல்லு."

"ஆமாங்க வேளாரே, என்னப் பாத்தே பேசலாமே" என்றேன்.

அவர் பானையை இருந்த இடத்திலேயே பத்திரமாகக் கவிழ்த்து வைத்தார். "பேசலாந்தான் தாயி. இவ்வளவு பாடுபட்டுப் பொங்குன பானைய, மொகத்தப் பாத்து நல்லால்லன்னு எப்படிச் சொல்றது?"