கியர் எண்ணெய் வாடை

ஈப்போவில், வீட்டு வாசலில், என் பழைய லாரிக்கு அடியில் படுத்து, ஒழுகும் கியர்பாக்ஸின் மூடியைக் கழற்றினேன். அழுகிய முட்டை போன்ற அந்த எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. எழுபதுகளில் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் அடித்த அதே வாடை.

அப்பாவின் லாரியும் இப்படித்தான் ஒழுகியது. மூடிக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் வைக்க அவர் தடித்த காகிதம் தேடிக்கொண்டிருந்தார். பால்மரம் வெட்டும் அம்மா, ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டு கொண்டுவந்தாள்.

"மழைத்தண்ணியே எறங்காதுங்க. எண்ணெயும் எறங்காதுலா," என்றாள் பெருமையாக.

அப்பா சிரித்துக்கொண்டே அதை வெட்டி வைத்தார். ஒழுகல் நின்றது.

அந்த வாரமே தம்பிக்குக் காய்ச்சல் முற்றி ஜன்னி கண்டது. ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் லாரி நின்றுவிட்டது. வேறு வண்டி கிடைப்பதற்குள் தம்பி அம்மா மடியிலேயே போய்விட்டான்.

காரியம் முடிந்த பிறகு அப்பா மூடியைக் கழற்றினார். நான் பக்கத்தில் இருந்தேன். ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதி, கொழகொழவென்று பிதுங்கியிருந்தது. எண்ணெய் முழுவதும் வடிந்து கியர் இறுகிப்போயிருந்தது. ரப்பரைச் சாக்குத்துணியில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கியர் பல்லு ஒடஞ்சிருச்சு, தாயி. அம்மா கேட்டா அப்படித்தான் சொல்லணும்."

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. இன்று வாடை பிடித்து அம்மா வாசலுக்கு வந்தாள்.

"அன்னிக்கு நெசமாவே பல்லுதான் ஒடஞ்சிச்சாடி?"

"ஆமாம்மா," என்றேன், லாரிக்கு அடியிலிருந்து வெளியே வராமலே.