கிடங்கை விட்டு வராத நாய்

எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்குவதற்குள் மூன்று தடவை மூடியைத் திறந்து பார்க்கிற ஜாதி. அப்படிப்பட்டவள் தலையில்தான் அந்த நாய் வந்து விழுந்தது.

யுத்த காலம். திருத்தணி மலைக்குக் கீழே ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. எங்கள் கொல்லையை ஒட்டி, வீட்டுச் சொந்தக்காரருக்கே உரிய, ஜன்னலே இல்லாத ஒரு கிடங்கு. நூலுக்குக் கட்டுப்பாடு வந்திருந்ததால், பொதட்டூர்பேட்டைத் தறிகளுக்குப் போகவேண்டிய நூலை ஒரு வியாபாரி அதில் பதுக்கி வைத்திருந்தார். சோதனைக்கு ஆள் வருகிறது என்று தெரிந்ததும் ஒரு சிட்டம் நூல்கூட விடாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரிப் பக்கம் போய்விட்டார். காவலுக்குக் கட்டியிருந்த நாயை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

குட்டியிலிருந்து இருட்டில் கட்டி வளர்த்தால் நாய்க்கு மூர்க்கம் ஏறும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. இரண்டு வருஷம் அப்படி வளர்த்திருக்கிறார். மூர்க்கமாவது மண்ணாவது! வீட்டுச் சொந்தக்காரர் கதவைத் திறந்தபோது அது சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடுங்கியது. பெட்டை நாய். கழுத்தைச் சுற்றிச் சங்கிலி அறுத்த புண். இத்தனை நாள் அது ஒரு தடவை குரைத்துக்கூட நாங்கள் கேட்டதில்லை. பத்தடி தூரத்தில் சோறு வடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன் என்று நினைத்தபோது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

வீட்டுச் சொந்தக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். "ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக்காரங்க வந்து இங்கதான் தங்குவாங்க. அதுக்குள்ள நாயை இட்டுகினு போயி கழுத்துல பட்டை கட்டி வெச்சிக்கோங்க. இல்லாட்டி நாய் புடிக்கிறவங்ககிட்ட சொல்லிடுவேன், ஆங்."

திருவிழாவுக்கு முன்னால் நாய் பிடிக்கிறவர்கள் சுருக்குக் கம்பியோடு தெருத் தெருவாக வருவார்கள். பட்டை இல்லாத நாய் அவர்கள் வண்டியில் ஏறினால் திரும்பாது. அப்போது பங்குனி. நாலு மாதம் இருக்கிறதே, நாலு நாளில் முடித்துவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அரம் வாங்கிவந்து சங்கிலியை அறுத்தார். நாய் அசையவில்லை. மறுநாளும், அதற்கு மறுநாளும் பார்த்தேன். சங்கிலி எட்டிய தூரத்துக்கு மேல் அது ஓரடி எடுத்து வைக்கவில்லை. கழுத்தில் ஒன்றுமில்லை, கதவு திறந்திருக்கிறது, வெளியே வெயில் காய்கிறது. வந்தால் என்ன? உள்ளே போய்க் கூப்பிட்டேன், கொஞ்சினேன், கெஞ்சினேன். பட்டையைக் கையில் எடுத்தாலே அது நின்ற இடத்தில் மூத்திரம் பெய்தது. அக்கம்பக்கத்தில், "நாய் வாலை நிமித்த முடியுமா?" என்று சிரித்தார்கள். அதன் வால் வயிற்றுக்கடியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. கோணல் வாலானாலும் வெளியே வந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

பிறகுதான் சோற்றுத் தட்டை நகர்த்த ஆரம்பித்தேன். தினம் ஒரு விரற்கடை வாசல் பக்கமாக நகர்த்தி, அன்று அது எந்த இடத்தில் சாப்பிட்டதோ அங்கே தரையில் கரியால் ஒரு கோடு போடுவேன். தட்டை வைத்துவிட்டுக் கண்ணெடுக்காமல் நாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நான் இருக்கும்வரை அது வாய் வைக்காது. எழுந்து போனால் தட்டு காலியாகும். "சோறு போடுறவள நம்ப மாட்டியாடி?" என்று கத்தியிருக்கிறேன். கத்திய அன்று கோடு இரண்டு பின்னால் போகும். ஆனாலும் ஆனி பிறந்தபோது வாசற்படிக்கு ஒரு முழம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பள்ளிப்பட்டிலிருந்து என் நாத்தனார் வந்தாள். என் வீட்டுக்காரருக்கு அக்கா. புருஷன் போனபின் வருஷத்தில் இரண்டு மாதம் எங்களோடு இருப்பாள். நாயை ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னாம்மா, இப்பிடிப் பயந்துகினு கெடக்குது? இது பயந்த கோளாறு. தண்ணி ஓதி அடிச்சா சரியாப் பூடும்."

பயந்த குழந்தைக்கு எங்கள் ஊரில் செய்கிற வைத்தியம் அது. ஓதிய தண்ணீரை, குழந்தை எதிர்பார்க்காத நேரத்தில் முகத்தில் சுளீரென்று அடிப்பார்கள். ஒரு தரம் தூக்கிவாரிப் போட்டால் உள்ளே இருக்கிற பயம் ஓடிவிடும் என்று கணக்கு. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் நான் கடைக்குப் போயிருந்தபோது, அவள் மசூதி வாசலில் குழந்தைகளுக்கு ஓதிக் கொடுக்கிற பெரியவரிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி வந்திருக்கிறாள். நாய்க்கு என்று கேட்டால் கொடுப்பாரோ மாட்டாரோ என்று, "ரெண்டு வயசு, பொம்பளப் புள்ள" என்று சொல்லியிருக்கிறாள். வந்து, தட்டில் வாய் வைத்திருந்த நாயின் முகத்தில் மூன்று தரம் அடித்துவிட்டாள்.

நான் திரும்பியபோது நாய் கிடங்கின் கடைசி மூலையில் இருந்தது. மூன்று நாள் சோறு தண்ணீர் தொடவில்லை. மூன்று மாதக் கரிக்கோடுகளும் தரையில் அப்படியே இருந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை அழுகையாக வந்தது. கிருத்திகைக்கு இன்னும் முப்பது நாள்கூட இல்லை. நாத்தனார் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"இனிமே அந்த நாய்ப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதீங்க அண்ணி!"

"ஆங், பாக்கலம்மா. நல்லதுன்னு நெனச்சி செஞ்சேன் பாரு, எனக்கு வேணும்," என்று முறத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அதன்பின் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ரேஷன் அரிசியில் பாதி கல், பாதி புழு. அதைப் புடைத்துப் பொறுக்குவது அவள் வேலை. கொல்லையில் நிழல் விழுவது கிடங்கு வாசலில்தான். அங்கே உட்கார்வாள், கிடங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எனக்குக் கேட்கட்டும் என்று முறத்தை ஓங்கித் தட்டுவாள். நானோ மறுபடி மூலையிலிருந்து முதல் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கிருத்திகைக்கு ஒரு வாரம் இருந்தபோது, ஒரு மத்தியானம் தண்ணீர் இறைக்கக் கொல்லைக்குப் போனேன். நாத்தனார் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், வாசற்படிக்கு இந்தப் பக்கம், வெளிச்சத்தில், நாய் படுத்திருந்தது. அவள் புடவைத் தலைப்பின் மேல் மோவாயை வைத்திருந்தது. கழுத்தில் லுங்கிக் கரையைக் கிழித்து முறுக்கிய துணி. என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே ஓடியது.

"எப்போலருந்து அண்ணி?" என்றேன்.

"நாலு நாளாச்சி. நேத்து கைய பின்னால நீட்டினேன், மோந்து பாத்துச்சி. இன்னிக்கு அப்பிடியே தடவிகினே கட்டிட்டேன்." அப்போதும் அவள் திரும்பவில்லை. "நீதான திரும்பிப் பாக்காதேன்ன? பாக்கல."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன்தான். ஆனால் அதைவிடப் பொறாமைதான் அதிகமாக இருந்தது. நாலு மாதமாக நான் செய்ததெல்லாம் அதை வெறித்துப் பார்த்ததுதான் என்று புரிந்தபோது, கிணற்றடியில் போய் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

காவடிக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். நாய் எங்கள் தாழ்வாரத்தில் நாத்தனார் முதுகுக்குப் பின்னால் கிடந்தது. "எப்பிடிம்மா இட்டுகினு வந்தீங்க?" என்று அவளைக் கேட்டார். "எனக்கு இன்னா தெரியும்? சோறு போட்டவ அவதான்," என்று என்னைக் கை காட்டினாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

அவள் ஊருக்குப் போனபின் நான் பார்க்காமலிருக்கப் பழகினேன். என் அவசர புத்திக்கு அது பெரிய தண்டனை. அம்மியில் அரைக்கும்போது என் முதுகில் ஒரு சூடு வந்து சாயும். திரும்பினால் போய்விடும் என்று அரைத்ததையே அரைத்துக்கொண்டிருப்பேன். ஒன்பது வருஷம் அந்த நாய் எங்களோடு இருந்தது. அதன் கண் என்ன நிறம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.