மண்பானையில் ஒரு மலைமீன்

மீன் என்றால் எனக்குக் கருவாடுதான். பரளச்சிப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் ஆடு மேய்ந்து பார்த்திருக்கிறேன். நான் நாலாம் வகுப்பு முடிக்கிற வரை தண்ணீர் நின்று பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஊருக்கு, அம்மாவின் தம்பியான என் மாமா உயிருள்ள மீன் ஒன்றைக் கொண்டுவந்தார்.

மாமா தேனிக்கு மேலே மலையில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்தார். அங்கே ஓடையில் பிடித்த மீனைத் தண்ணீர் பாட்டிலில் போட்டு, மூன்று பஸ் மாறி, வழியெல்லாம் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்து சேர்ந்தார். என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். கல்லொட்டி என்றார். தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடாமல் இருக்க, வாயால் பாறையில் ஒட்டிக்கொள்ளுமாம்.

“எட்டு நாள்ல மலைக்குத் திரும்புவேன். அதுவரைக்கும் உசுரோட வச்சிருந்தீன்னா உன்னையும் கூட்டிட்டுப் போறேன்” என்றார் மாமா. அப்படியே அப்பாவின் பக்கம் திரும்பி, “மச்சான், நீங்களும் வாங்களேன். தோட்டத்துல வேல கெடக்கு” என்றார்.

இரண்டு வருடமாக அவர் சொல்லிவருவதுதான். “மழ பெய்யும் மாப்ள” என்று அப்பாவும் இரண்டு வருடமாகச் சொல்லிவந்தார். இரண்டு வருடமும் பருத்தி முழங்கால் உயரத்தைத் தாண்டாமல் காய்ந்து போனது.

மாமா எம்.ரெட்டியபட்டியில் இருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டார். வந்த விருந்தாளிக்கு எங்களிடம் இருந்ததில் உயர்ந்ததைக் கொடுப்பது என்று அம்மாவும் நானும் முடிவு செய்தோம். ஊருணித் தண்ணீர் கலங்கலாக இருக்கும். பானையின் உள்புறம் தேத்தாங்கொட்டையை உரசி ஊற்றி வைத்தால் மண்ணெல்லாம் அடியில் படியும். அதன்பிறகு பானையை யாரும் தொடக்கூடாது. ஆடாமல் அசையாமல் நிற்பதுதான் எங்கள் ஊரில் நல்ல தண்ணீர். அப்படித் தெளிந்த தண்ணீரைப் புதுப்பானையில் ஊற்றி மீனை விட்டு, பானையைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டி, வாயைத் துணியால் மூடினோம். அந்தப் பக்கம் வந்த கோழியைக்கூட விரட்டினேன்.

மறுநாள் மத்தியானம் துணியை விலக்கினால், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. எனக்கு உலகமே முடிந்துவிட்டது. நான் அழுத அழுகையில் அப்பா பருத்திக்காட்டிலிருந்து ஓடிவந்தார். எட்டிப் பார்த்தவர், செம்பில் தண்ணீர் மொண்டு உயரத் தூக்கி ஊற்றினார். என் தெளிந்த தண்ணீர் கலங்கிப்போனதில் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் மீன், தண்ணீர் விழுந்த இடத்தைப் பார்த்துத் திரும்பியது. மறுபடி ஊற்றினார். எதிர்த்து நீந்தி வந்தது. ஊற்ற ஊற்ற, பானைச் சுவரில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டது.

“இதுக்குத் தண்ணி ஓடணும் தாயி” என்றார் அப்பா. அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அன்றிலிருந்து மூவரும் முறைபோட்டு ஊற்றினோம். நாங்கள் தூங்கும் நேரத்துக்கென்று, ஓட்டைபோட்ட பிளாஸ்டிக் குடம் ஒன்றைப் பானைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார் அப்பா. ஆட்டுத்தொட்டிப் பாசியைச் சுரண்டி அதற்குத் தின்னப் போட்டேன். ஊற்றும்போதெல்லாம் அப்பா ஏதாவது கேட்பார். “அந்த ஓட கோடையிலயும் வத்தாதாமா?” என்பார். “வத்தவே வத்தாதாம்ப்பா” என்பேன், நேரில் பார்த்தவள் மாதிரி.

எட்டாம் நாள் மாமா வந்து பானைக்குள் பார்த்துவிட்டு முழித்தார். ஒரு நாள்கூடத் தாங்காது என்று நினைத்துத்தான் அத்தனை தாராளமாக வாக்குக் கொடுத்திருக்கிறார். “மீன விட்டுட்டு வாரோம்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பாவும் கிளம்பினார்.

மலை ஓடையில் கையை வைத்ததும் குளிர் முழங்கை வரை ஏறியது. மீனை விட்டேன். ஒரு பாறையில் ஒட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த பாறைக்குத் தாவி மறைந்தது. அப்பா, ஊருணிக் கரையில் செய்வதைப் போலவே, செருப்பைத் தூரத்தில் கழற்றிவிட்டு வந்து நின்றார். நான் தண்ணீரில் இறங்கப் போனதும் அதட்டினார். “குடிக்கிற தண்ணியில கால வைக்காத!”

“இது ஓடிக்கிட்டே இருக்கும் மச்சான். மிதிச்ச தண்ணி இந்நேரம் எங்கயோ போயிருக்கும்” என்று மாமா சிரித்தார்.

அப்பா தயங்கித் தயங்கி ஒரு காலை வைத்தார். அப்புறம் இன்னொரு காலை. வெகுநேரம் அங்கேயே நின்றார். மீன் திரும்பி வரும் என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று நானும் பாறைகளுக்கிடையே தேடிக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பும் பஸ்ஸில், காரியாபட்டி தாண்டியதும் கேட்டார். “அது, பழக்கமில்லாத நம்ம ஊர்ல எட்டு நாள் இருந்துச்சுல்ல தாயி?”

“இருந்துச்சுல்லப்பா! நம்மதான் நல்லாப் பாத்துக்கிட்டோம்ல” என்றேன்.

தலையாட்டிக்கொண்டார். அடுத்த மாதம், ஊருக்கு வந்திருந்த மாமாவோடு தோட்டவேலைக்கு மலையேறினார். புரட்டாசியில் முதல் மழைக்கு விதைக்கத் திரும்பிவந்தார். அந்த வருடம் பருத்தி என் தோளுக்கு வளர்ந்தது. அதன் பிறகும் கோடைதோறும் போய்வந்தார். முதல் தடவை அவர் பஸ் ஏறியபோது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நானோ ஜன்னலோரம் ஓடி, இன்னொரு மீன் பிடித்துவரச் சொல்லிப் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தேன்.