கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, சங்கரா மீனோடு

பொம்மி, உன் ஊருக்குப் போய் வந்தேன். நீ இல்லாமல் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பக்கம் பெண் கொடுத்தவர்களுக்கு உதவட்டும் என்று வழியை எழுதுகிறேன்.

என் மகள் பொம்மி, தன்னோடு வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டு, கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிராமத்துக்குப் போனவள். மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். வருஷப் படையலுக்கு அவளுக்குப் பிடித்த சங்கரா மீன் வைக்க வேண்டும். அங்கே ஏரி மீன்தான் கிடைக்கும். உச்சிப்பொழுதுக்குள் படைத்துவிட வேண்டும்.

விடியற்காலையில் காசிமேட்டில் மீன் வாங்கி, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்து, திருவொற்றியூரில் ஏழு மணி ரயில் ஏறினேன். ஒரு மணி நேரப் பயணம், பதினைந்து ரூபாய். மீன்காரம்மாக்கள் தினம் ஏறும் ரயில், யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் ஊர்ப்பக்கம் போகும் பஸ் காலையில் ஒன்றே ஒன்று, ஒன்பதே காலுக்கு. அடுத்தது சாயங்காலம்தான்.

கண்டக்டர் பெட்டியைப் பார்த்ததும் வழியை மறித்தார்.

"உள்ள மீனாம்மா? பஸ்ஸே நாறும். எறங்கு."

"இன்னா நைனா, கடல் மீனு உனுக்கு நாத்தமா கீதா? எம்பொண்ணு படையலுக்கு எத்துகினு போறேன்."

பின்சீட்டில் இருந்த அம்மா, "விடுப்பா, போன வாரம் ஆட்டையே ஏத்திக்கினு வந்தியே, அது மட்டும் மல்லிப்பூவா?" என்றாள். பஸ்ஸே சிரித்தது. பெட்டிக்கடியில் சாக்கு போடச் சொல்லிவிட்டு கண்டக்டர் விசில் ஊதினார். பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை.

பதினோரு கிலோமீட்டரில் பஸ் நின்றுவிட்டது. மழையில் சிறுபாலம் உட்கார்ந்துவிட்டதாம். கம்பியும் சேறும்தான் தெரிந்தன. போன வருஷம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இதே ரோட்டில்தான். அப்போது பாலம் நன்றாகத்தான் இருந்தது.

ஓரமாக இறங்கி, வாய்க்காலைத் தாண்டி நடந்தேன். பெட்டி தோளை அறுத்தது. வெகுநேரம் கழித்து ஒரு செங்கல் டிராக்டர் வந்தது. ஓட்டிவந்த பையன் நிறுத்தினான்.

"ஏறுக்கா. புடிச்சிக்கோ, குலுக்கும். எங்க ஊரு ரோடு எலும்ப எண்ணித்தான் வுடும்."

வீடு சேர்ந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. மாப்பிள்ளை பெட்டியை இறக்கித் திறந்தார். ஐஸ் முழுக்கக் கரைந்து, மீன் தண்ணீரில் கிடந்தது. கெடவில்லை. ஆனால் குளிர்ச்சி ஏறட்டும் என்று துறைமுகத்துப் பழக்கத்தில் ஐஸோடு கல்லுப்பை அள்ளிப் போட்டிருந்தேன். அந்த உப்பெல்லாம் மீனில் ஏறியிருந்தது.

"அலசிட்டா போயிடும் அத்தை," என்றார்.

நாலு தண்ணீரில் அலசினேன். குழம்புக்கு எவ்வளவு உப்பு போடுவதென்று தெரியவில்லை. படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது. பாதி உப்புப் போட்டு இறக்கினேன். உச்சிக்குள் இலை போட்டாயிற்று.

இந்த வழியில் போகிறவர்கள் காலை பஸ்ஸை விட்டுவிடாதீர்கள். பாலம் சரியாகும் வரை மூன்று கிலோமீட்டர் நடைக்குத் தயாராகப் போங்கள். தண்ணீர் பாட்டில் அவசியம், வழியில் கடை கிடையாது. மீன் எடுத்துப்போனால் வெறும் ஐஸ் போதும்.

சாப்பிட்டவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். துக்க வீட்டில் வேறென்ன சொல்வார்கள்? நீதான் ஒரு கல் உப்பு கூடினாலும் தட்டைத் தள்ளுகிறவள்.

உனக்குச் சரியாக இருந்ததா, பொம்மி?